கலைச்சொல்: கதையில் ‘டோன்’ என்பதற்குக் ‘கூறுதொனி’

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கங்க.

ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளின் கதை வாசிப்புக்கு ‘டோன்’ (tone, அதாவது சொல்பவரின் மனப்பாங்கு அவர் சொல்லும் விதத்தில் தெரிவது) என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற இழையில் இதுவரை குரல், தொனி, மெய்ப்பாடு, உணர்வுநிலை ஆகிய நான்கும் வந்திருக்கின்றன. நான் காங்கேயம் பக்கத்தில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுப்பவன். வகுப்பில் எந்தச் சொல் நிற்கும் என்ற கோணத்திலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் பிள்ளைகளுக்குத் தொனி காதில் நன்றாகவே பிடிபடும். ‘சரிங்க’ என்ற ஒரே சொல்லைக் கொங்கு நாட்டில் சம்மதமாகவும் சொல்லலாம், சலிப்பாகவும் சொல்லலாம், ‘இதோடு பேச்சை நிறுத்துங்க’ என்ற கோபமாகவும் சொல்லலாம். எது எந்த ரகம் என்று ஐந்து வயதுக் குழந்தைக்கே தெரியும். தாளில் அந்த இழுப்பும் அழுத்தமும் கிடையாது. அங்கே அந்த வேலையில் பெரும்பங்கை உவமையும் உருவகமும் எடுத்துக்கொள்கின்றன. நாமோ ‘பயின்று வந்துள்ள அணியைச் சுட்டி விளக்குக’ என்று கேட்கிறோம். உவமை, உவமேயம், உவம உருபு என்று பிரித்து எழுதியதும் மதிப்பெண் போட்டுவிடுகிறோம். அந்த உவமை கதைக்குள் என்ன செய்தது என்ற கேள்வியே எழுவதில்லை. அது எனக்குப் பெரிய வருத்தம்.

நான் கரும்பலகையில் எழுதிப்போடும் மூன்று வாக்கியங்கள் இவை:

கிணற்றின் அடியில் இரண்டடித் தண்ணீர் இருந்தது.
கிணற்றின் அடியில், உறங்கும் குழந்தையின் மூச்சுபோலத் தண்ணீர் மெல்ல அசைந்தது.
கிணற்றின் அடியில், கஞ்சன் மடியில் முடிந்த காசுபோலத் தண்ணீர் ஒளிந்துகிடந்தது.

மூன்றிலும் தண்ணீர் வற்றித்தான் போயிருக்கிறது. ‘சொல்கிறவர் இந்தக் கிணற்றை என்ன நினைக்கிறார்?’ என்று மட்டும் கேட்பேன். இரண்டாவதில் ‘பாவம்னு நினைக்கறாருங்க சார்’ என்பார்கள். மூன்றாவதில் ‘நக்கல் பண்றாருங்க’ என்று பின்வரிசையிலிருந்து பதில் வரும். முதல் வாக்கியத்தில் ஒன்றுமே இல்லை என்று சிலர் சொல்வார்கள். அதையும் அங்கேயே பேசிவிட வேண்டும். அணி எதுவும் இல்லாமல், அளவை மட்டும் சொல்லி நகர்வதும் ஒரு தொனிதான்.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். தேர்வுத்தாளில் ‘இப்பத்தியின் ______ யாது? அதை உணர்த்தும் உவமையை எடுத்தெழுதுக’ என்று அச்சிட்டால், பிள்ளை தடுமாறாமல் புரிந்துகொள்ள வேண்டும். என் அளவுகோல் அவ்வளவுதான்.

‘குரல்’ தடுமாற வைக்கும். கதையை யார் சொல்கிறார் என்பதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே வழங்குகிறது. ‘உணர்வுநிலை’ என்றால் சொல்பவரின் மனப்பாங்கும், கதைக்குள் பரவியிருக்கும் மனநிலையும் ஒன்றாகிவிடும். கஞ்சன் வாக்கியத்தில் சொல்பவர் எள்ளுகிறார். ஆனால் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வழியில்லாத அந்த வீட்டில் கவலைதான் நிறைந்திருக்கும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் பாடமே.

‘மெய்ப்பாடு’ எனக்கு மிகப் பிடித்த சொல். ஆனால் உணர்ச்சி மெய்யில் வெளிப்படுவது அது. சொல்பவரின் நடையில் படிவதைக் குறிக்க அதை இழுக்க வேண்டாம் என்பேன். அதே சமயம் தொல்காப்பியத்தில் மெய்ப்பாடுகளைச் சொல்லும் பகுதியான மெய்ப்பாட்டியலைக் கைவிட்டுவிடவும் கூடாது. தொனிகளுக்குப் பெயர் வைக்கும்போது நம் பிள்ளைகள் ‘மகிழ்ச்சி, சோகம்’ இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைத் தருகிறது. நகை ஒன்றையே எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கு வழியில் பிறப்பதாகப் பகுக்கிறது. கஞ்சன் வாக்கியத்துக்கு ‘எள்ளல்’ கச்சிதமாகப் பொருந்துகிறது. குழந்தை வாக்கியத்துக்கு எட்டில் ஒன்றும் சரியாக உட்காராது. எட்டுக்கு அப்புறம் வரும் பட்டியலில் அருளலும் அன்பும் இருக்கின்றன. இன்னொன்று: உவமையின் பெருமையும் சிறுமையும் இந்த எட்டு மெய்ப்பாட்டின் வழியே தோன்றும் என்று தொல்காப்பியத்தில் உவமையைப் பற்றிய பகுதியான உவமவியல் சொல்கிறது. உவமையையும் உணர்ச்சியையும் சேர்த்துப் பார்ப்பது நமக்கு இரவல் பாடம் இல்லை என்று ஆசிரியர் பயிற்சியில் இதை எடுத்துக்காட்டலாம்.

மீதி ‘தொனி’. ‘அதென்ன தொனி?’ என்று வீட்டில் அதட்டுவதால் பிள்ளைகளுக்குப் பழகிய சொல். ஒரே ஒரு சிக்கல்: திறனாய்வில் தொனி என்றால் குறிப்புப்பொருள், அதாவது நேரே சொல்லாமல் உணர்த்தும் பொருள். ஒன்பதாம் நூற்றாண்டில் வடமொழி இலக்கிய அறிஞர் ஆனந்தவர்த்தனர் விளக்கிய கொள்கை வழியாக வந்த பொருள் அது. கல்லூரிக்குப் போகும் மாணவர் குழம்பக்கூடும். அதனால் ‘கூறுதொனி’ என்று முன்மொழிகிறேன். கூறிய, கூறுகின்ற, கூறும் தொனி, ஊறுகாய்போல வினைத்தொகை. சொல்பவர் ஒருவர் இருக்கிறார் என்பது சொல்லுக்குள்ளேயே நிற்கிறது. ‘எள்ளல் கூறுதொனி’, ‘கூறுதொனி மாறும் இடம்’ என்று சேர்த்தெழுதவும் வருகிறது.

தொனி வடசொல் என்று ஓர் அம்மா எழுதியிருந்தார்கள். அவர்கள் கவலை புரிகிறது. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வீட்டிலிருந்தே கொண்டுவரும் சொல்லை விட எனக்கு மனமில்லை. முழுத் தமிழ்ச் சொல் ஒன்று தருவீர்கள் என்றால், மேலே உள்ள வினாவில் வைத்துப் பார்த்து அனுப்புங்கள். கதைக்குள் பரவியிருக்கும் மனநிலையான ‘மூட்’ (mood) என்பதற்கு ‘சூழலுணர்வு’ என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். அதில் எனக்கு முழு நிறைவு இல்லை. மாற்று இருந்தால் தனி இழையில் பேசலாம்.