கோட்டோர் மலைக்கோட்டை: முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம். வரும் ஜூலையில் ஏட்ரியாட்டிக் கடலில் செல்லும் எங்கள் கப்பல், மாண்டினீக்ரோவின் கோட்டோர் நகரில் ஒரு பகல் நிற்கிறது. காலை 8 மணிக்கு இறங்கினால் மாலை 4 மணிக்குள் திரும்பிவிட வேண்டும். பழைய நகருக்கு மேலே, மலையுச்சியில் உள்ள புனித ஜான் கோட்டைக்குச் சுமார் 1,350 படிகள் என்று படித்தேன். அம்மாவுக்கு 64 வயது. நடக்கச் சலிக்க மாட்டார் என்றாலும் முழங்கால் வலி உண்டு. "அவ்வளவு தூரம் வந்து கீழே உட்கார்ந்திருக்கவா?" என்று இப்போதே கேட்கிறார். அவரையும் அழைத்துக்கொண்டு ஏற முடியுமா? ரோப் கார் இருப்பதாகவும் கேள்விப்பட்டேன்.

மறுமொழி 1

நானும் என் மனைவியும் ஓர் ஆகஸ்டு மாதத்தில் ஏறினோம். உச்சியை அடைய ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. படிகள் எத்தனை என்பதைவிட அவை எப்படிப்பட்டவை என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். கரடுமுரடான கற்கள் பதித்த சரிவும் அதன் ஓரமாக ஒடுக்கமான படிகளும் வளைந்து வளைந்து ஒன்றாகவே மேலே செல்கின்றன. காலங்காலமாக ஆட்கள் மிதித்து மிதித்துப் படிகளின் விளிம்புகள் எண்ணெய் தடவியது போல வழவழத்துக் கிடக்கின்றன; சரிவில் நடந்தாலோ பெயர்ந்த கற்கள் காலடியில் உருள்கின்றன. ஏறும்போது மூச்சு வாங்கியதே தவிர வலி தெரியவில்லை. இறங்கும்போதுதான் முழங்கால் தன் வேலையைக் காட்டியது. சாதாரணச் செருப்போடு போன நான் ஒரு திருப்பத்தில் சறுக்கி, உள்ளங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். கைப்பிடிச் சுவரை நம்பியும் போக முடியாது.

நேரம் உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. மலை நகருக்குக் கிழக்கே நிற்பதால், காலையில் வெயில் அதன் பின்னாலிருந்துதான் எழுந்து வரவேண்டும். அதுவரை பாதை நிழலில் இருக்கும். பிற்பகலில் ஏறினால் வெயில் நேராக முதுகில் அடிக்கும். ஆகவே இறங்கியதும் கடைத்தெருவில் நிற்காமல் நேரே படிக்கட்டுக்குச் சென்றுவிடுங்கள்.

மறுமொழி 2

ரோப் காரைப் பற்றி மட்டும் முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். 2023இல் திறக்கப்பட்ட அந்த ரோப் கார், கோட்டைக்கும் மேலே வெகு உயரத்தில் இருக்கும் லவ்சென் மலைப் பகுதிக்குச் செல்வது. கோட்டைக்கும் அதற்கும் தொடர்பில்லை. கோட்டைக்கு நடந்துதான் போக வேண்டும்.

ஆனால் உங்கள் அம்மா உச்சி வரை ஏறித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. பாதி உயரத்தை எட்டுவதற்கு முன்பே, கொள்ளைநோயில் பிழைத்தவர்கள் 1518இல் எழுப்பிய சிறிய மாதா கோயில் ஒன்று வரும். அதன் உள்ளூர்ப் பெயரைத் தமிழில் சொன்னால் 'ஆரோக்கிய மாதா' என்றே வரும். வேளாங்கண்ணியில் நாம் வழங்கும் அதே பெயர். அந்தக் கோயிலின் மணிக்கூண்டு, அதன் கீழே முக்கோண வடிவில் நெருங்கிக் கிடக்கும் செந்நிற ஓட்டுக் கூரைகள், அவற்றையும் தாண்டி மலைகளுக்கிடையே விரியும் விரிகுடா என்று படங்களில் நாம் பார்க்கும் கோட்டோர் பெரும்பாலும் அந்த இடத்தை ஒட்டி எடுக்கப்பட்டதுதான்.

உச்சியில் இருப்பது பெரும்பாலும் இடிபாடு. 1420 முதல் 1797 வரை ஆண்ட வெனிஸ்காரர்கள் பழைய அரண்களை விரிவுபடுத்தி, நகரையும் மலையையும் சேர்த்து வளைக்கும் மதிலை வலுப்படுத்தினார்கள். அதன் நீளம் சுமார் 4.5 கிலோமீட்டர், சில இடங்களில் உயரம் 20 மீட்டர். 1539இல் பார்பரோசாவின் ஒட்டோமான் கடற்படை வந்து முற்றுகையிட்டும் நகரைப் பிடிக்க முடியவில்லை. மனிதப் படை செய்ய முடியாததை நிலநடுக்கங்கள் செய்தன: 1667லும் 1979லும் நகரம் கடுமையாகக் குலுங்கியது. இந்தச் சரித்திரத்தில் ஆர்வமுள்ளவருக்கு உச்சி வரை ஏறிய களைப்பு வீண்போகாது. காட்சிக்காக மட்டும் வருபவர் மாதா கோயிலோடு திரும்பினாலும் பெரிதாக எதையும் இழக்க மாட்டார்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அம்மாவிடம் கோயிலின் பெயரைச் சொன்னேன். "அதுவரைக்கும் நான் வந்துவிடுவேன், அதற்கு மேல் நீங்கள் போய் வாருங்கள்" என்று அவரே முடித்துவிட்டார். தங்கை அவருடன் உட்கார்ந்திருப்பாள். நான் மட்டும் உச்சிக்குச் சென்று வருகிறேன். நுழைவுக் கட்டணம் எவ்வளவு? தண்ணீர் வழியில் கிடைக்குமா?

மறுமொழி 1

கட்டணம் முன்பு 8 யூரோ, பிறகு 15 ஆக உயர்த்தினார்கள். இன்றைய நிலவரத்தைப் புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் வழியில் ஆங்காங்கே தண்ணீர் விற்பார்கள், ஆனால் படி ஏற ஏற விலையும் ஏறும். ஆளுக்கு ஒரு லிட்டர் கீழேயே வாங்கிவிடுங்கள். அம்மாவுக்கு ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூவும், இறங்கும்போது ஊன்றிக்கொள்ள ஒரு மடக்குத் தடியும் கட்டாயம் வேண்டும்.