டர்பனிலிருந்து ஐந்து பேர் பறக்க எந்த விமானம்?

வணக்கம். என் செஸ்னா 172 விமானம் இனிக் குடும்பத்துக்குப் போதாது. நான்கே இருக்கை, மூன்றாவது பிள்ளைக்கும் இப்போது தனி இருக்கை வேண்டும்.

1975 மாடல், 150 குதிரைத்திறன். டர்பன் விர்ஜினியா விமான நிலையத்தில் நிற்கிறது. மாதம் இருமுறை ஜொகன்னஸ்பர்க் ராண்ட் நிலையத்துக்குப் போகிறோம். ஜொகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் அம்மா தனியாக இருக்கிறார். எதிர்க்காற்று இருந்தால் மூன்று மணி நேரம் ஆகிறது. அதைவிட அங்கிருந்து திரும்பிக் கிளம்புவதுதான் பெரிய கவலை. ராண்ட் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 5,500 அடி உயரம். கோடையில் 30 டிகிரி வெயில் என்றால் காற்று இன்னும் மெலிந்து, இன்ஜினுக்கும் இறக்கைக்கும் அது 8,000 அடிக்கு மேல் இருப்பது போல. போன தைப்பூசம் முடிந்து நான்கு பேருடன் கிளம்பியபோது, ஓடுபாதையின் பெரும்பகுதி தீர்ந்த பிறகுதான் சக்கரம் எழும்பியது. மனைவி அப்புறம் ஏறவே இல்லை.

எரிபொருளைக் குறைத்தேன், பெட்டிகளைக் காரில் அனுப்பினேன். நண்பரின் செஸ்னா 182-ஐ ஓட்டிப் பார்த்தேன். நன்றாக ஏறுகிறது, ஆனால் அதிலும் நான்கு இருக்கைதான். பொனான்சா ஏ36-க்கு ஆறு இருக்கை, 160 நாட் (மணிக்கு ஏறக்குறைய 300 கி.மீ.) வேகம். ஆனால் எடைக் கணக்குப் போட்டால், எரிபொருள் தீரத் தீர எடைமையம் (மொத்த எடையும் சமன்படும் புள்ளி) பின்னே நகர்கிறது; வரம்பைத் தாண்டினால் விமானம் கட்டுப்பாட்டுக்கு அடங்காது. பின்னிருக்கைப் பிள்ளைகளோ வளர்கிறார்கள். பைப்பர் செரோக்கி சிக்ஸ் 300-ல் இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே பெட்டி வைக்க இடம் உண்டு, சக்கரம் மடங்காது, பராமரிப்பு எளிது. வேகம்தான் குறைவு.

கோடையில் ஐந்து பேருடன் ராண்டிலிருந்து கிளம்ப, இந்த இரண்டில் எதை வாங்கலாம்?