நகைக்கடை எக்ஸ்ஆர்எஃப் மெசின்ல புல்மோட்டை மணல் பாக்கேலுமா?

கோணமலைப் பொடியன்:
டவுன்ல தெரிஞ்ச நகைக்கடை ஒண்டில எக்ஸ்ரே அடிச்சு கரட் பாக்கிற எக்ஸ்ஆர்எஃப் மெசின் இருக்கு, மோதிரத்த உள்ள வச்சு மூடினா பொன் இவ்வளவு செம்பு இவ்வளவு எண்டு கெதியா காட்டுது. என்ட கம்பஸ் ப்ரொஜெக்ட் திருகோணமலைப் பக்கத்து புல்மோட்டைக் கடற்கரைக் கறுப்பு மணல், அதில இருக்கிற டைட்டேனியக் கனியங்கள் இல்மனைட் எத்தனை வீதம் ரூட்டைல் எத்தனை வீதம் எண்டு பாக்கணும். ஆசிட்ல கரைச்சு ஐசிபிக்கு (மூலகம் அளக்கிற லாப் மெசின்) அனுப்ப காசில்ல. கடை மாமாட்ட கேட்டா விடுவார், சரி வருமா?

லாப்கோட்டு:
தம்பி, தத்துவம் ஒண்டுதான். எக்ஸ்ரே பட்டு உள்கூட்டு இலத்திரன் வெளிய போக, மேலயிருந்து இன்னொண்டு அந்த இடத்துக்கு இறங்கும், அப்ப வாற சக்தி மூலகத்துக்கு மூலகம் வேற. டைட்டேனியம் 4.5 கேஈவி (கதிர்ட சக்தி அளக்கிற அலகு), இரும்பு 6.4, சிர்கோனியம் 15.8 கிட்ட. ஆனா அந்த மெசின நகைக்கெண்டே செட் பண்ணியிருப்பாங்க, தனக்குத் தெரிஞ்ச உலோகங்கள மட்டும் கூட்டி நூறு வீதமாக்கிக் காட்டும். மணல்ல பெரிய பங்கு ஒட்சிசனும் சிலிக்கனும், அத எங்க கொண்டுபோய் வைக்கிற? மண், கனிய மோட் இருக்கிற மெசினா தேடு.

அதவிடப் பெரிய சிக்கல், எக்ஸ்ஆர்எஃப் மூலகத்ததான் சொல்லும், கனியத்த சொல்லாது. இல்மனைட்லயும் ரூட்டைல்லயும் இருக்கிறது ஒரே டைட்டேனியம்தான், மெசின் கீறுற வரைபடத்தில பீக்கும் (உச்சி) ஒரே இடத்தில. இரும்பு முழுக்க இல்மனைட் கணக்கில போட்டு மிச்ச டைட்டேனியத்த ரூட்டைல் எண்டு எழுதுவாங்க, மக்னடைட், கார்னட் மாதிரி இரும்பு இருக்கிற வேற கனியங்கள் கலந்திருந்தா அந்தக் கணக்கு அவ்வளவுதான். கனியத்த பாக்க ராமன் (லேசர் அடிச்சு சிதறுற ஒளிய பாக்கிறது) இல்லாட்டி எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரேயால பளிங்கு அமைப்ப பாக்கிறது) வேணும். ராமன்ல ரூட்டைல் பீக் 447, 612 cm⁻¹ கிட்ட காட்டும், அதே டைட்டேனியம் டைஒக்சைட் அனடேஸ் எண்ட வேற பளிங்கு வடிவமா இருந்தா 144ல நீட்டா நிக்கும். செவ்வாயில ஓடுற பெர்செவரன்ஸ் வண்டிலயும் லேசர் அடிச்சு மூலகம் பாக்கிறதோட ராமனையும் சேத்துத்தான் அனுப்பியிருக்கு, சும்மாவா.

புல்மோட்டையான்:
மெசினுக்கு முதல் காந்தம் பிடிங்க தம்பி. பழைய ஸ்பீக்கர் காந்தத்த சொப்பிங் பேக்ல சுத்தி காஞ்ச மணலுக்கு மேல கொண்டு போங்க, மக்னடைட் துள்ளி ஒட்டும், பேக்க கழட்டினா பொலபொலெண்டு தனியா கொட்டும். பிறகு ஹார்ட் டிஸ்க் காந்தம், அதுக்கு இல்மனைட் வரும். ரூட்டைலும் சிர்கோனும் (சிர்கோனியம் இருக்கிற கனியம்) கிடந்த இடத்திலயே கிடக்கும். அதுகள மின்சாரத்தாலதான் பிரிக்கிற, ரூட்டைல் கடத்தும் சிர்கோன் கடத்தாது. அதோட மணல் அள்ள முதல் கம்பஸ் கடிதத்தோட அனுமதி எடுங்க, சாக்கோட பிடிபட்டா ப்ரொஜெக்ட் எண்டு சொல்லி விளங்கப்படுத்தேலாது.

கோணமலைப் பொடியன்:
நன்றி அண்ணன், நன்றி நானா. அப்ப காந்தத்தால பிரிச்சுப்போட்டு ஒவ்வொரு பங்கையும் தனித்தனியா எக்ஸ்ஆர்எஃப்ல வச்சா?

லாப்கோட்டு:
ஓம், அது நல்ல வேலை. ஆனா அப்படியே கொட்டி வைக்காத, நல்லா காயவச்சு மா மாதிரி அரைச்சுப்போட்டு வை. பருமணியா இருந்தா டைட்டேனியத்தின்ட கதிர் மணிக்குள்ளயே உறிஞ்சுபடும், மேல் தோலத்தான் மெசின் பாக்கும். முலாம் பூசின நகை மெசின ஏமாத்திறதும் இதாலதான், கடை மாமாட்ட கேட்டுப் பார்.