உடம்பிலிருந்து தொடங்கும் உளச்சிகிச்சை யாழ்ப்பாணத்தில் எங்கே கிடைக்கும்?

எல்லோருக்கும் வணக்கம். உரும்பிராயில் இருக்கும் என் சின்னம்மாவுக்காகக் கேட்கிறேன். வயது 52. இரண்டு வருடமாக நெஞ்சு இறுக்கம், பிடரி நோவு, உள்ளங்கால் எரிவு. ஈசிஜி, ஸ்கான், இரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாயிற்று, எதிலும் குறை இல்லை. ஓரிடத்தில் "உங்களுக்கு ஒன்றுமில்லை, சும்மா யோசிக்காதேங்கோ" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அழுதார். நோவு பொய் இல்லையே!

2009இல் சித்தப்பாவை இழந்தபின் மூன்று பிள்ளைகளையும் தனியாக வளர்த்தவர். திருவலையில் தேங்காய் திருவும்போது பார்த்திருக்கிறேன், தோள் இரண்டும் காது வரை ஏறி நிற்கும். "தோளை இறக்குங்கோ" என்றால்தான் அவருக்கே தெரியும்.

மனதில் உள்ளதைச் சொல்லச் சொன்னால் வாய் திறக்க மாட்டார். அதனால்தான் மூச்சு, அசைவு, உடம்பில் எழும் உணர்வு இவற்றிலிருந்து தொடங்கும் சிகிச்சையைத் தேடுகிறேன். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க டொக்டர் 1920களில் வளர்த்தெடுத்த, தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை வீட்டில் செய்து பார்த்தோம். கை, முகம் வரை சரி. நெஞ்சுப் பக்கம் வந்ததும் பயந்து எழுந்துவிட்டார். இந்தப் பயிற்சி தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அப்போதுதான் விளங்கியது.

இதில் பயிற்சி பெற்ற பெண் உளவளத்துணையாளர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்களா? தொடாமல் செய்வார்களா? போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவில் கேட்கலாமா, தெல்லிப்பழை வைத்தியசாலைக்குப் போக வேண்டுமா? பெண்கள் குழுவாகச் செய்யும் இடம் என்றால் இன்னும் நல்லது. உங்கள் வீட்டில் யாராவது போயிருந்தால், எத்தனை தடவைக்குப் பிறகு மாற்றம் தெரிந்தது என்று எழுதுங்கள். பஸ்ஸில் போகும் தூரம் என்றால் நானே கூட்டிக்கொண்டு போவேன்.