அப்பப்பா தேங்காய்ப்பாலில் வாழ்ந்தார், எனக்கு மட்டும் ஏன் குளிசை?

உவர்மலையான்:
போன மாதம் வெறும் வயிற்றில் இரத்தம் சோதித்தேன். மொத்தக் கொலஸ்ட்ரோல் 256, ‘கெட்ட’ கொலஸ்ட்ரோலான எல்டிஎல் 178, ‘நல்ல’ கொலஸ்ட்ரோலான எச்டிஎல் 44, ட்ரைகிளிசரைட் என்ற இரத்தக் கொழுப்பு 170. வயது 49. சீனி வருத்தம் இல்லை, சிகரெட் இல்லை. டொக்டர் கொலஸ்ட்ரோலைக் குறைக்க அட்டோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் குளிசை எழுதித் தந்தார். இரண்டு கிழமை போட்டேன், தொடை இரண்டும் உளைவு. நிறுத்திவிட்டேன். மூதூரில் என் அப்பப்பா சொதி இல்லாமல் ஒரு நாள் சோறு தின்றதில்லை, 91 வயதில்தான் போனார். தேங்காயில் கொலஸ்ட்ரோலே இல்லை என்கிறார்கள். பிறகு எதற்குக் குளிசை?

சல்லிக் காற்று:
நல்ல வேலை செய்தீர்கள் அண்ணா. ஒரு தரம் தொடங்கினால் ஆயுள் முழுக்க விடமாட்டார்கள். தேங்காயெண்ணெய் எச்டிஎல்லையும் கூட்டும், அதை ஒருவரும் சொல்வதில்லை.

டைக் வீதி:
தேங்காயில் கொலஸ்ட்ரோல் இல்லை, சரி. ஆனால் நம் இரத்தத்தில் ஓடுவதில் பெரும்பங்கு உடம்பே செய்துகொள்வது. எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்க ஈரலில் கொளுக்கிகள் மாதிரிச் சில புரதங்கள் உண்டு. அவற்றைக் கண்டு சொன்னதற்குத்தான் பிரவுண், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் கிடைத்தது. நிறைவுற்ற கொழுப்புக் கூடினால் கொளுக்கி குறையும், எல்டிஎல் இரத்தத்திலேயே சுற்றும். தேங்காயெண்ணெயில் எண்பது வீதத்துக்கு மேல் அந்தக் கொழுப்புத்தான். ஸ்டாட்டின் செய்வது நேரெதிர்: ஈரலின் உற்பத்தியைக் குறைக்கும், ஈரல் பஞ்சம் வந்ததென்று கொளுக்கிகளைக் கூட்டும்.

எச்டிஎல் கதைக்கும் ஒரு வார்த்தை. அதை ஏற்றுவதற்கென்றே மருந்து செய்து பார்த்தார்கள். எண் நன்றாக ஏறியது. ஆனால் டோர்செட்ராபிப் எடுத்தவர்களில் சாவு கூடியதால் 2006இல் நிறுத்தினார்கள்.

சல்லிக் காற்று:
விஞ்ஞானம் எங்களுக்கும் தெரியும். ஸ்கொட்லாந்தில் மாரடைப்பே வராத 6595 ஆண்களில் பாதிப் பேருக்கு ஐந்து வருடமளவில் பிரவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினும் மிச்சப் பேருக்கு வெற்றுக் குளிசையும் கொடுத்துப் பார்த்தார்கள், 1995இல் வெளிவந்தது. மாரடைப்பும் இதயச் சாவும் முப்பத்தொரு வீதம் குறைந்தன என்று தலைப்புப் போட்டார்கள். உள்ளே போய்ப் பாருங்கள்: மருந்தில்லாதவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேரளவில் இதயத்தால் அடிபட்டார்கள், மருந்து எடுத்தவர்களில் ஐந்தரைப் பேர். அதாவது நூறு பேர் விழுங்கினால் இரண்டரைப் பேருக்கு லாபம். மிச்சப் பேர்?

டைக் வீதி:
கணக்குச் சரி, மறுக்கவில்லை. ஆனால் அது ஐந்து வருடக் கணக்கு. அண்ணாவுக்கு 49. குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிவது வருடக்கணக்கில் நடக்கும் வேலை.

மனையாவெளி மருமகள்:
இரண்டு பேரும் சண்டை பிடியுங்கள், நான் அடுப்படிக்கு வருகிறேன். எங்கள் மாமிக்கும் எல்டிஎல் கூடத்தான். சொதியை நிறுத்தவில்லை. முன்பு ஒரு தேங்காய் திருவி, முதற்பாலைக் கடைசியில் விட்டு இறக்குவோம். இப்போது பாதித் தேங்காய், அதிலும் கப்பிப்பால் மட்டும். பச்சை மிளகாய், வெந்தயம், தேசிக்காய் இருந்தால் நாக்குக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. முதல் கிழமை மாமி முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், அது வேறு கதை. மாலையில் கடை ரோல்ஸும் வடையும் அறவே நின்றன. கொலஸ்ட்ரோல் என்று கணவாய், இறாலைப் பழிப்பவர்கள் அவற்றைப் பொரிக்கும் எண்ணெயைக் கேட்பதில்லை.

ஆனால் ஒன்று, சாப்பாட்டால் மட்டும் அவருக்குக் கொஞ்சம்தான் இறங்கியது. மிச்சத்தைக் குளிசைதான் இறக்கியது. அண்ணா, ட்ரைகிளிசரைட்டைச் சீனியும் ஏற்றும், அதனால் ஒரு கேள்வி: பிளேன்ரீக்கு எத்தனை கரண்டி சீனி?

உவர்மலையான்:
மூன்று. ஒரு நாளைக்கு ஐந்து தரம்.

மனையாவெளி மருமகள்:
அப்படிச் சொல்லுங்கள்.

சல்லிக் காற்று:
உளைவு பொய்யா அப்போ? என் மச்சானும் அதனால்தான் விட்டான்.

டைக் வீதி:
பொய் என்று யார் சொன்னது? ஸ்டாட்டினால் தசை நோகலாம், அரிதாகக் கடுமையாகவும் போகும். சிறுநீர் கறுத்தால் உடனே ஆஸ்பத்திரி. ஆனால் 2020இல் ஒரு ஆய்வு வந்தது. உபாதையால் மருந்தை விட்டவர்களையே பிடித்து, சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் மருந்தே இல்லாத வெற்றுக் குளிசை, சில மாதம் ஒன்றுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாட்டினில் வந்த உபாதையில் தொண்ணூறு வீதம் வெற்றுக் குளிசையிலும் வந்தது. பாதிப் பேர் பிறகு மருந்துக்குத் திரும்பினார்கள். டொக்டரிடம் தசைச் சேதத்தைக் காட்டும் சிபிகே இரத்தச் சோதனையும் தைரொயிட்டும் பார்க்கச் சொல்லுங்கள். தைரொயிட் மந்தமானால் எல்டிஎல்லும் ஏறும், தசையும் உளையும். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாறலாம், ஸ்டாட்டின் அல்லாத எசெட்டிமைப் என்ற மருந்தும் இருக்கிறது.

அப்புறம், அப்பப்பாவைச் சொன்னீர்கள். அவர் வேலை என்ன? அப்பாவுக்கு எப்படி?

உவர்மலையான்:
அப்பப்பா வயல்காரர், வண்டியே ஏறமாட்டார். அப்பா மத்திய வீதியில் கடை வைத்திருந்தார். 52 வயதில் கல்லாவில் இருந்தபடியே சரிந்தார்.

டைக் வீதி:
இதை முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும் அண்ணா. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55க்கு முன் மாரடைப்பு என்றால் உங்கள் ஆபத்தை ஒரு படி மேலே வைத்துத்தான் பார்ப்பார்கள். 178ஐயும் அதோடு சேர்த்து வாசிக்க வேண்டும்.

சல்லிக் காற்று:
அப்பா விஷயம் எனக்குத் தெரியாது. மன்னிக்கவும். குளிசை பற்றி என் எண்ணம் மாறவில்லை, ஆனால் உங்களுக்குப் போடாதீர்கள் என்று இனிச் சொல்லமாட்டேன்.

உவர்மலையான்:
திங்கட்கிழமை கிளினிக் போகிறேன்.

மனையாவெளி மருமகள்:
ரிப்போர்ட்டோடு குளிசை போட்டுத் தந்த அந்தக் கடதாசி உறையையும் கொண்டு போங்கள். எத்தனை மில்லிகிராம் என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.