ஃபேண்டஸி நாவல் வெளியிட்டு 3 வாரம் ஆகிறது, தெரிந்தவர்களைத் தாண்டி யாரும் வாங்கவில்லை. விளம்பரத்துக்குப் பணம் போடலாமா?

நிழல்தையல்:

வணக்கம். 5 வருடம் எழுதிய ஃபேண்டஸி நாவலை 3 வாரத்துக்கு முன்னால் கிண்டிலில் நானே வெளியிட்டேன். மூன்று பாகக் கதையில் இது முதல் பாகம், 430 பக்கம். இதுவரை 38 பிரதிகள் போயிருக்கின்றன. அதில் முப்பதுக்கு மேல் யார் வாங்கியது என்று பெயரோடு சொல்லிவிடுவேன், எல்லாரும் நண்பர்கள், உறவினர்கள்.

ஃபேஸ்புக்கில் 26 வாசிப்புக் குழுக்களில் அட்டைப்படத்தோடு இணைப்பு போட்டேன். லைக் விழுகிறது, வாழ்த்துகள் என்று எழுதுகிறார்கள், அதோடு சரி. நாவலின் வரைபடத்தை நானே வரைந்து இன்ஸ்டாகிராமில் போட்டேன், அதற்கும் அதே கதைதான். நூல் பக்கத்தில் இரண்டு விமர்சனங்கள் இருக்கின்றன, ஒன்று என் சித்தி மகன் எழுதியது.

விளம்பரத்துக்கென்று கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். அதை இப்போது அமேசான் விளம்பரத்தில் போடலாமா, இல்லை காத்திருக்கலாமா? 50 விமர்சனங்கள் ஏற்பாடு செய்து தருகிறோம் என்று ஒருவர் செய்தி அனுப்பியிருக்கிறார், அதை நம்பலாமா? நூல் பக்கத்தில் கொடுத்திருக்கும் கதைக்குறிப்பு இது:

"மகாப் பிளவுக்குப் பின் 900 ஆண்டுகள் கடந்தும் வேரணத்தின் ஏழு குலங்கள் இருள்மணிச் சபையின் சாபத்திலிருந்து மீளவில்லை. தோரவன் வம்சத்தின் கடைசி வாரிசான அகிரன் கல்நாக்கு ஆகமத்தைத் தேடிப் புறப்படும்போது, சூரமதிப் பேரரசின் நிழற்படை அவனைத் தொடர்கிறது. நட்பு, துரோகம், காதல், தியாகம் நிறைந்த மாபெரும் காவியம்."

இன்னொரு விஷயம், இது தேவைப்படுமா தெரியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் முதல் 14 அத்தியாயங்களை ஒரு இலவசத் தொடர்கதைத் தளத்தில் போட்டிருந்தேன், 200 பேர் அளவுக்குப் பின்தொடர்ந்தார்கள். கிழிந்த நிழல்களைத் தைத்துக் கொடுக்கும் வெண்ணி என்ற பெண்ணைப் பற்றித்தான் நிறையப் பேர் கேட்டார்கள். நூலாகப் போடலாம் என்று முடிவு செய்ததும் தொடரை நிறுத்திவிட்டேன். அத்தியாயங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. போன வாரம் நூலை கேடிபி செலக்ட்டில், அதாவது மின்னூலை அமேசானில் மட்டும் கொடுக்க ஒப்புக்கொள்ளும் திட்டத்தில், சேர்த்திருக்கிறேன்.

மைக்கூடு:

முதலில் வாழ்த்துகள். 430 பக்கத்தை முடித்து வெளியே கொண்டுவருவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும், நான்கு நாவல் போட்டிருக்கிறேன்.

பணத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். விளம்பரம் செய்யும் வேலை ஒன்றுதான், முன்பின் தெரியாத ஒருவரை உங்கள் நூல் பக்கம் வரைக்கும் கூட்டிவருவது. அங்கிருந்து வாங்க வைப்பது அட்டையும் கதைக்குறிப்பும் முதல் சில பக்கங்களும்தான். ஒவ்வொரு கிளிக்குக்கும் உங்களிடமிருந்து பணம் போகும், வந்தவர் வாங்கினாலும் வாங்காவிட்டாலும். என் முதல் நாவலுக்கு இரண்டு மாதம் விளம்பரம் ஓட்டினேன், நிறையப் பேர் வந்து பார்த்தார்கள், வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். விளம்பரத்தை எப்படி மாற்றுவது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன், மாதிரிப் பக்கங்களைப் படித்துவிட்டு மூடிய ஒருவர் 'அந்த வரலாற்று முன்னுரையைத் தாண்ட முடியவில்லை' என்று எழுதும் வரைக்கும்.

உங்கள் கதைக்குறிப்புக்கு வருவோம். மூன்று வாக்கியத்தில் எட்டுப் பெயர்கள். மகாப் பிளவு, வேரணம், இருள்மணிச் சபை, தோரவன், அகிரன், கல்நாக்கு ஆகமம், சூரமதி, நிழற்படை. 5 வருடம் அந்த உலகத்தில் வாழ்ந்த உங்களுக்கு ஒவ்வொரு பெயரும் ஒரு காட்சி, புதிதாக வருகிறவருக்கு அவை வெறும் சத்தம். கடைசி வாக்கியம் எந்த நாவலுக்கும் பொருந்தும். ஆனால் பதிவின் கடைசியில், தேவைப்படுமா தெரியவில்லை என்று போகிற போக்கில் ஒன்று சொன்னீர்களே, கிழிந்த நிழலைத் தைத்துக் கொடுக்கும் பெண், அதைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நிழல் எப்படிக் கிழியும்? கிழிந்தால் அந்த ஆளுக்கு என்ன ஆகும்? யார் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்? இதெல்லாம் எனக்கு இப்போதே தெரிந்தாக வேண்டும். அந்தப் பெண் உங்கள் கதைக்குறிப்பில் எங்கேயும் இல்லை. அட்டையிலும் வாள் பிடித்த இளைஞன்தான் இருப்பான் என்று நினைக்கிறேன்.

கதைக்குறிப்பில் 4000 எழுத்துகள் வரை போட இடம் கொடுக்கிறார்கள், அதற்காக நிரப்ப வேண்டியதில்லை. ஒரு ஆள், அவளுக்கு வந்த சிக்கல், அவள் எடுக்க வேண்டிய முடிவு, எதை இழக்கப் போகிறாள். இரண்டு பெயருக்கு மேல் வேண்டாம்.

அடுத்தது மாதிரிப் பக்கங்கள். பொதுவாக நூலின் முதல் 10 சதவீதம் இலவசமாகத் திறக்கும், உங்களுக்கு அது ஏறக்குறைய 43 பக்கம். முன்னால் நன்றியுரை, வரைபடம், குலங்களின் பட்டியல், சொல்லகராதி எல்லாம் இருந்தால் கதைக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று பாருங்கள். வரைபடம் மட்டும் இருக்கட்டும், ஃபேண்டஸி வாசகர்களுக்கு அது பிடிக்கும், மற்றதைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். மின்னூல்தானே, கோப்பை மாற்றி ஏற்றுவது ஒரு நாள் வேலை.

அப்புறம் அந்த 200 பேர். எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. உங்களைத் தெரியாமல், உங்கள் முகத்துக்காக இல்லாமல், கதைக்காக மட்டும் வந்தவர்கள் அவர்கள்தான். நூல் வந்திருக்கிறது என்று அவர்களுக்குச் சொன்னீர்களா? அமெரிக்க எழுத்தாளர் ஆண்டி வியர் 'தி மார்ஷியன்' என்ற தன் செவ்வாய்க் கிரக நாவலை முதலில் தன் சொந்த இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகத்தான் போட்டார். அங்கே படித்தவர்கள் கிண்டிலில் வேண்டும் என்று கேட்டதால்தான் 2011ல் அங்கே ஏற்றினார். தொடங்கி வைத்தது விளம்பரம் இல்லை, ஏற்கெனவே கதைக்குள் இருந்த வாசகர்கள்.

இதில் ஒரு அவசரமும் இருக்கிறது. கேடிபி செலக்ட்டில் ஒரு முறை சேர்ந்தால் 90 நாள் கணக்கு, அந்த 90 நாளும் மின்னூல் வடிவம் வேறு எங்கேயும் இருக்கக் கூடாது, இலவசமாகக்கூட. மாதிரியாக 10 சதவீதம் வரை வெளியே வைக்கலாம், 14 அத்தியாயம் அதைத் தாண்டும். எனவே தொடர்கதைத் தளத்தில் இருக்கும் அத்தியாயங்களை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அதற்காக அங்கே இருக்கும் கணக்கையே நீக்கிவிடாதீர்கள், பின்தொடர்பவர்களுக்குச் செய்தி அனுப்ப அது வேண்டும். அச்சு நூலுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. 90 நாள் முடிந்ததும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், வேண்டாம் என்றால் நீங்கள்தான் போய்க் குறியை எடுக்க வேண்டும்.

அந்த 90 நாளில் 5 நாள் நூலை இலவசமாகக் கொடுக்கலாம். இப்போது கொடுக்காதீர்கள். பக்கத்தைச் சரி செய்துவிட்டு, இரண்டாம் பாகம் வரப்போகிற நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இலவசமாக எடுத்தவர் படித்து முடிக்கும்போது அடுத்தது வாங்கக் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் அந்த ஆர்வம் வீணாகிவிடும்.

நூலை ஏற்றும் இடத்தில் தேடுசொல்லுக்கு 7 பெட்டிகள், 3 வகைமைகள் கொடுத்திருப்பார்கள். 'நாவல்', 'கதை' என்று போட்டிருந்தால் மாற்றுங்கள், வாசகர் தேடும் பெட்டியில் எதைத் தட்டுவாரோ அதைப் போடுங்கள்.

கரிசல்மழை:

50 விமர்சனம் தருகிறேன் என்பவரிடம் பதிலே பேசாதீர்கள். நான் ஏமாந்தேன். 20க்குப் பணம் கட்டினேன், வந்தது 11, அதில் நாலு ஒரே வாக்கியத்தைத் திருப்பிப் போட்டது. ஒரு மாதத்தில் எல்லாம் காணாமல் போனது, கூடவே உண்மையான வாசகர் ஒருவர் எழுதியதும் போய்விட்டது, அதுதான் இன்றைக்கும் வலிக்கிறது. பணம் கொடுத்து விமர்சனம் வாங்குவது விதிப்படியே தடை. குடும்பத்தினர் எழுதுவதற்கும் அனுமதி இல்லை, சித்தி மகனிடம் அதை எடுத்துவிடச் சொல்வது நல்லது. நூலைப் படித்து முடிப்பவருக்குக் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி எழுதி வையுங்கள், பிடித்திருந்தாலும் பிடிக்காவிட்டாலும் உங்கள் கருத்தை எழுதுங்கள் என்று. என் இரண்டாவது நூலுக்கு வந்த விமர்சனங்களில் பெரும்பாலானவை அப்படி வந்தவைதான்.

இரவில்படிப்பவள்:

நான் எழுதுகிறவள் இல்லை, படிக்கிறவள். ஃபேண்டஸி என்றால் தூக்கத்தைத் தொலைத்துப் படிப்பேன், எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

நீங்கள் போட்ட 26 குழுக்களில் சிலவற்றில் நானும் இருக்கக்கூடும். அட்டைப்படமும் இணைப்பும் மட்டும் இருக்கிற பதிவுகளை நான் நின்று பார்ப்பதே இல்லை, அதுவும் அந்தக் குழுவில் அதற்கு முன் ஒரு வார்த்தை பேசாதவர் போட்டால். அதே குழுவில் ஒருவர், 'மந்திரத்துக்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும் உலகங்கள் ஏன் நம்மை அதிகமாக இழுக்கின்றன' என்று நாலு பத்தி எழுதி, தான் படித்த பிறருடைய நூல்களைப் பற்றி ஆசையாகப் பேசி, அவர் பெயரைத் தட்டிப் பார்த்தால் ஒரு நாவல் எழுதியிருக்கிறார் என்று தெரிய வந்தால், அதை நான் வாங்கிவிடுவேன். அப்படி நாலைந்து வாங்கியிருக்கிறேன். 26 குழுக்களை விட்டுவிட்டு இரண்டில் மட்டும் வாசகராக இருங்கள்.

இன்னொன்று, எனக்குப் பெரிய தயக்கம் முடியாத தொடர்கள். முதல் பாகத்தைப் படித்துவிட்டு ஆறு ஏழு வருடம் காத்திருந்த அனுபவம் ஃபேண்டஸி படிக்கிற எல்லாருக்கும் இருக்கும். புதிய எழுத்தாளர், மூன்று பாகம் என்றதும் முதலில் மனதில் வருவது 'இவர் முடிப்பாரா' என்பதுதான். இரண்டாம் பாகம் எந்த நிலையில் இருக்கிறது என்று எங்கேயாவது சொல்லுங்கள்.

ஏழாம்வாசல்:

வலைப்பூவில் நூல் விமர்சனம் எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்று மட்டும்.

ஆங்கிலத்தில் சுயவெளியீட்டு ஃபேண்டஸி நூல்களுக்கென்றே எழுத்தாளர் மார்க் லாரன்ஸ் 2015ல் ஒரு போட்டியைத் தொடங்கினார், எஸ்பிஎஃப்பிஓ என்பார்கள். 300 நூல்களை 10 விமர்சன வலைப்பூக்களுக்கு 30 வீதம் பிரித்துக் கொடுப்பார்கள், ஒவ்வொரு வலைப்பூவும் ஒன்றை மட்டும் இறுதிச் சுற்றுக்கு அனுப்ப வேண்டும். 30 நூல் கையில் இருக்கும்போது எல்லாவற்றையும் முழுதாகப் படித்து முடிக்க முடியாது, முதல் சில அத்தியாயங்களிலேயே பல நூல்கள் விலகிவிடும். மைக்கூடு மாதிரிப் பக்கங்களைப் பற்றிச் சொன்னது அதனால்தான் முக்கியம். என் மேஜையிலும் அதுதான் நடக்கிறது.

விமர்சகர்களுக்கு எழுதுங்கள், ஆனால் ஒரே கடிதத்தை எல்லாருக்கும் அனுப்பாதீர்கள். எனக்கு வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் 'மதிப்பிற்குரிய விமர்சகருக்கு' என்று தொடங்கி, நான் தொடவே தொடாத வகைமை நூலோடு வருகின்றன. நான் போன மாதம் எழுதியதில் ஒன்றைப் படித்துவிட்டு, அதில் எனக்குப் பிடித்த விஷயம் உங்கள் நூலில் எங்கே இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் கட்டாயம் திறந்து பார்ப்பேன். பத்துப் பேருக்கு அப்படி எழுதுங்கள், இரண்டு பேர் படித்தாலே பெரிய விஷயம். பிரதியைக் கொடுத்துவிட்டு எப்போது வரும் என்று வாராவாரம் கேட்காதீர்கள், நல்லதாக எழுதச் சொல்லிக் கேட்கவே கேட்காதீர்கள்.

நிழல்தையல்:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாள் பதில் போடாததற்குக் காரணம், உட்கார்ந்து மாற்றிக்கொண்டிருந்தேன். மைக்கூடு சார், அட்டையில் வாள் பிடித்த இளைஞன்தான், சரியாகச் சொன்னீர்கள். முன்பக்கங்களை எண்ணிப் பார்த்தேன், கதை தொடங்குவதற்கு முன் 19 பக்கம் இருந்தது. வரைபடம் தவிர எல்லாவற்றையும் பின்னால் தள்ளிவிட்டேன். விமர்சனம் விற்பவரை பிளாக் செய்தேன், தம்பியிடம் சொல்லி அவன் எழுதியதையும் எடுக்கச் சொல்லிவிட்டேன்.

கதைக்குறிப்பை இப்படி மாற்றியிருக்கிறேன்:

"கிழிந்த நிழலைத் தைத்துக் கொடுப்பது வெண்ணியின் தொழில். நிழல் முழுதாக இல்லாதவர்கள் தூக்கத்தில் தங்களை மறந்துபோகும் ஊர் அது. ஓர் இரவு அரண்மனையிலிருந்து ஒரு நிழல் வருகிறது, விடிவதற்குள் தைத்தாக வேண்டும் என்ற கட்டளையோடு. ஊசியைக் குத்தியதும் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது, இது அரசனுடைய நிழல் இல்லை. தைத்துக் கொடுத்தால் ஒரு பொய்யன் அரியணையில் நிலைத்துவிடுவான். தைக்க மறுத்தால், அவளிடம் தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் 40 பேரின் நிழல்களும் தீக்குப் போகும்."

தொடர்தளத்தில் அத்தியாயங்களை எடுத்துவிட்டுப் பின்தொடர்ந்தவர்களுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். பாதிப் பேர் அந்தத் தளத்தில் இப்போது இருக்கிறார்களா என்பதே சந்தேகம், ஆனால் நேற்றிரவு வரைக்கும் 17 பேர் பதில் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் 14ஆம் அத்தியாயத்தின் கடைசி வரியை அப்படியே எழுதி அனுப்பியிருந்தார். இரண்டு வருடம் அதை நினைவில் வைத்திருக்கிறார், படித்துவிட்டு அழுதுவிட்டேன். மூன்று பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், அந்த நிழல் யாருடையது என்பது இந்தப் பாகத்திலேயே தெரிந்துவிடுமா என்று.

மைக்கூடு:

கதைக்குறிப்பு பிரமாதம். 'தங்களை மறந்துபோகும்' என்ற இடம் என்னைப் பிடித்துக்கொண்டது. கடைசி வாக்கியம் மட்டும் கொஞ்சம் நீளம். 'மறுத்தால், அவளை நம்பிக் காத்திருக்கும் 40 பேரின் நிழல்கள் எரியும்' என்று போட்டுப் பாருங்கள்.

அந்த மூன்று பேருக்கு என்ன பதில் சொன்னீர்கள்? தெரிந்துவிடுமா?

நிழல்தையல்:

தெரிந்துவிடும் சார். முதல் பாகத்தின் முடிவே அதுதான். இரண்டாம் பாகம் பாதி எழுதியாகிவிட்டது, அதில் வருவது வேறு சிக்கல்.

இரவில்படிப்பவள்:

அப்படியானால் அதைக் கதைக்குறிப்புக்குக் கீழே தனி வரியாகப் போடுங்கள், இந்தப் பாகத்தின் முடிச்சு இந்தப் பாகத்திலேயே அவிழும் என்று. நான் அந்த ஒரு வரிக்காகத்தான் தயங்கிக்கொண்டிருந்தேன். இப்போது மாதிரிப் பக்கங்களை இறக்கியிருக்கிறேன், படித்துவிட்டு வந்து சொல்கிறேன்.