மனம் வறண்டிருக்கும்போது முடிவை மாற்றாதே: இஞ்ஞாசியார் சொன்னது எதற்கு?

நெய்தல்நிலா:
எங்கள் பங்கில் தவக்காலத் தியானம் கொடுக்க வந்தவர் ஓர் இயேசு சபைச் சாமியார். அந்தச் சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரின் விதி என்று ஒன்றைச் சொன்னார்: மனம் வறண்டு கிடக்கும்போது ஏற்கெனவே எடுத்த முடிவை மாற்றக் கூடாது. நான் சில வருடங்களாக ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறேன். இப்போது செபமே ஓடவில்லை, பிள்ளைகள் முன்னால் நின்று கடவுளைப் பற்றிப் பேசுவது நடிப்பு மாதிரி இருக்கிறது, விட்டுவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் இதைக் கேட்டதும் உண்மையைச் சொன்னால் எரிச்சல்தான் வந்தது. அப்படியானால் பிடித்த எதையும் விடவே கூடாதா? போர்வீரராக இருந்தவர் என்கிறார்கள், "காவல் நிற்கும் இடத்தை விட்டு நகராதே" என்கிற பட்டாளத்து ஒழுங்குதானா இது? சாமியாரிடம் கேட்கலாம் என்றால் பாவசங்கீர்த்தன வரிசை கோயில் வாசல் வரை நின்றது. இணையத்தில் தேடினால் அவருடைய ஜூலை 31 திருவிழா வாழ்த்துப் படங்கள்தான் வருகின்றன.

பழைய_ஏடு:
சகோதரி, பட்டாளத்தை மறந்துவிடுங்கள். 1491-ல் ஸ்பெயினின் பாஸ்க் நாட்டில் லொயோலா கோட்டையில் பிறந்த கடைக்குட்டி அவர், அப்போது பெயர் இனிகோ. சண்டை போட்டதைவிட அரசவையில் உடுப்பும் மிடுக்குமாக வளர்ந்த காலம்தான் அதிகம். 1521 மே 20 அன்று பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக்குண்டு வலது காலை நொறுக்கியது. எலும்பு கோணலாகக் கூடி முழங்காலுக்குக் கீழே துருத்தி நின்றது. ஒட்டிய பூட்ஸ் போட்டால் அசிங்கமாகத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக, மயக்க மருந்து இல்லாத காலத்தில், அதை அறுத்து எடுக்கச் சொன்னார். அவ்வளவு அலங்காரப் பிரியர்!

படுக்கையில் பொழுது போக வீரசாகசக் கதைகள் கேட்டார், வீட்டில் இல்லை. கிடைத்தவை கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர்கள் வரலாறும். ஒரு சீமாட்டிக்காக என்னென்ன செய்யலாம் என்று மணிக்கணக்காகக் கனவு காண்பார். அப்புறம் பிரான்சிஸ் அசிசியார் செய்ததை நானும் செய்தால் என்ன என்று யோசிப்பார். இரண்டுமே நினைக்கும்போது இனித்தன. ஆனால் முதலாவது முடிந்ததும் மனம் காய்ந்து போனது, இரண்டாவது முடிந்த பிறகும் மகிழ்ச்சி நின்றது. இந்த வித்தியாசத்தைக் கவனித்ததுதான் அவருடைய ஆன்மீகத்தின் அரிச்சுவடி. நினைப்பு வரும்போது எப்படி இருக்கிறது என்பதோடு விடாமல், போன பிறகு எதை விட்டுவிட்டுப் போகிறது என்றும் பார்க்கிறார்.

உங்கள் கேள்விக்கு நேரான இடம் ஸ்பெயினில் உள்ள மன்ரேசா என்ற ஊர். 1522-ல் மொன்செராத்தில் மாதா பீடத்தின் முன் வாளைக் கழற்றி வைத்துவிட்டு அங்கே போய்ப் பத்து மாதத்துக்கு மேல் தங்கினார். முதலில் வந்த குரல் என்ன தெரியுமா? "இந்த வாழ்க்கையை எழுபது வருடம் எப்படித் தாங்குவாய்?" அதைச் சமாளித்தார். பிறகு பிடித்தது பாவ சந்தேகம். சொன்ன பாவத்தையே திரும்பத் திரும்பச் சொல்வார், நிம்மதி வராது, தற்கொலை எண்ணம் வரை போயிற்று. ஒரு வாரம் எதுவும் சாப்பிடாமல் கிடந்தார், பாவசங்கீர்த்தனம் கேட்ட குருதான் சாப்பிடச் சொன்னார். கடைசியில் இந்த வாழ்க்கையே வேண்டாம் என்ற வெறுப்பு வந்தபோது, கனவிலிருந்து விழித்தது போல இருந்ததாம். இந்த நினைப்பு என்னை எங்கே இழுத்துக்கொண்டு போகிறது என்று பின்னோக்கிப் பார்த்தார். பழைய பாவங்களைச் சொல்வதை அன்றோடு நிறுத்தினார், ஆனால் எடுத்த பாதையை விடவில்லை. அதாவது அங்கேயும் ஒன்றை விட்டிருக்கிறார், எதை விடுவது என்று பார்த்து விட்டார்.

வைகைக்கரை:
எல்லாம் சரி, கொஞ்சம் மறுபக்கமும் பேசுவோமே. வெள்ளையாக எனக்குத் தெரிவதைத் திருச்சபை கறுப்பு என்று சொன்னால் கறுப்பு என்று நம்ப வேண்டும் என்று எழுதியவர் இதே ஆள்தான். இயேசு சபைக்கு எழுதிய விதிகளில், கீழ்ப்படிகிறவன் பிணம் போல இருக்க வேண்டும், தூக்கி எங்கே வைத்தாலும் கிடக்க வேண்டும் என்கிறார். இப்படிப்பட்டவரிடம் போய் "விடலாமா" என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்?

மலைக்கோட்டை_அண்ணன்:
தம்பி வைகைக்கரை, நீங்கள் சொன்ன இரண்டும் உண்மையிலேயே இருக்கின்றன, எனக்கும் அந்த வெள்ளை கறுப்பு வரி உறுத்தும். ஆனால் அதை எழுதியவர் அதிகாரத்தின் செல்லப்பிள்ளையாக இருந்தவர் இல்லை. ஸ்பெயின் நகரங்களான அல்காலாவில் 42 நாள் சிறை, சலமான்காவில் 22 நாள், அதுவும் சங்கிலியோடு. படிக்காத ஆள் எப்படி மக்களுக்கு ஆன்மாவைப் பற்றிப் போதிக்கலாம் என்பதுதான் வழக்கு. சலமான்காவில் மற்ற கைதிகள் எல்லாம் தப்பி ஓடிய இரவில், அவர்களோடு அடைக்கப்பட்டிருந்த இவருடைய கூட்டாளிகள் இருவர் மட்டும் கதவு திறந்தபடி உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வந்ததும் பாரிசுக்குக் கிளம்பிவிட்டார், அங்கே அறைத்தோழர்களாகக் கிடைத்தவர்கள் பீட்டர் ஃபேபரும் நம் சவேரியாரும். 1540-ல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அங்கீகரித்த சபை அந்த அறையில் தொடங்கியது என்றே சொல்லலாம்.

கீழ்ப்படிதல் விஷயத்திலும், செபித்துப் பார்த்துவிட்டு மாற்றுக் கருத்தை மேலதிகாரியிடம் எடுத்துச் சொல்லும் வழியை அதே விதிகளில் வைத்திருக்கிறார். அவர் எழுதிய 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்ற நூலில் தியானம் கொடுப்பவருக்குச் சொல்லும் அறிவுரை இன்னும் முக்கியம்: அந்த நாட்களில் யாரையும் துறவறத்துக்கோ வேறு வாழ்க்கைக்கோ தள்ளாதே, தராசு முள் போல நடுவில் நில், படைத்தவரே அந்த ஆன்மாவோடு நேரடியாகப் பேசட்டும்.

நிலா தங்கச்சி, அந்த விதியை முழுசாகப் பாருங்கள். வறட்சியில் முடிவை மாற்றாதே என்பது அதே நூலில், மனதில் எழும் அசைவுகளைப் பகுத்தறியச் சொல்லும் விதிகளில் ஐந்தாவது. சும்மா பல்லைக் கடித்துக்கொண்டு கிட என்று அதோடு முடிக்கவில்லை. ஆறாவதில், முடிவை மாற்றாதே, ஆனால் வறட்சிக்கு எதிராக உன்னை மாற்று, செபத்தைக் கூட்டு, உன்னை ஆராய்ந்து பார் என்கிறார். ஒன்பதாவதில் வறட்சிக்கான காரணங்களைச் சொல்கிறார்: நாமே சோம்பலாக விட்டிருக்கலாம், ஆறுதல் கிடைக்காதபோதும் எவ்வளவு தூரம் நிற்கிறோம் என்ற சோதனையாக இருக்கலாம், அந்த ஆறுதல் நம் சம்பாத்தியம் இல்லை என்று தெரிவதற்காகவும் இருக்கலாம்.

அப்புறம், முதலில் எடுத்த முடிவு எப்படிப்பட்டது என்பதும் கேள்வி. திருமணம், குருத்துவம் போன்றவை மாற்ற முடியாதவை, மற்றவை மாற்றக்கூடியவை என்று பிரிக்கிறார். மாற்றக்கூடிய ஒன்றை ஒழுங்காக யோசிக்காமல் எடுத்திருந்தால், திரும்ப ஒழுங்காக எடுப்பது நல்லது என்றே எழுதுகிறார். மறைக்கல்வி எடுக்க நீங்களாக விரும்பி வந்தீர்களா, பங்குச் சாமியார் ஆள் இல்லை என்று பிடித்துப் போட்டாரா?

நெய்தல்நிலா:
ஐயோ, இரண்டாவதுதான் அண்ணா 😅 ஆனால் போன பிறகு பிடித்துப்போனதும் உண்மை. போன வருடம் வரை சனிக்கிழமை இரவே பாடத்தை யோசித்துக்கொண்டிருப்பேன். இப்போது ஆசிரியர் வேலையும் வீட்டில் அம்மாவைப் பார்ப்பதும் சேர்ந்து தூக்கமே குறைவு. வறட்சி எது, அலுப்பு எதுவென்றே தெரியவில்லை.

மலைக்கோட்டை_அண்ணன்:
அப்படியென்றால் முதலில் தூங்குங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மன்ரேசாவில் படுக்கப் போகும் நேரத்தில்தான் அவருக்குப் பெரிய ஆறுதல்களும் ஞானமும் வந்தன, தூக்கம் கெட்டது. இது நல்ல இடத்திலிருந்து வருமா என்று சந்தேகப்பட்டு, அவற்றை ஒதுக்கித் தூங்கினார். பிற்காலத்தில் கோமகன் பிரான்சிஸ் போர்ஜியாவுக்கு 1548-ல் எழுதிய கடிதத்திலும் நோன்பையும் செப நேரத்தையும் குறைத்து உடம்பைக் கவனிக்கச் சொல்கிறார். தூக்கமின்மையும் வெறுமையும் விடாமல் தொடர்ந்தால் மருத்துவரையும் பாருங்கள், அதற்கு ஆன்மீகப் பெயர் வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

முடிவை அமைதியான ஒரு நாளுக்குத் தள்ளிப் போடுங்கள். அன்றைக்கு அவர் சொல்கிற மாதிரி, முன்பின் தெரியாத ஒருவர் இதே நிலைமையில் வந்து கேட்டால் என்ன சொல்வீர்களோ அதை உங்களுக்கே சொல்லிப் பாருங்கள். நான் வேலை மாறும் குழப்பத்தில் இதைச் செய்தேன், வெளியாளுக்குச் சொல்லும்போது நாம் ஆச்சரியமான அளவுக்குத் தெளிவாக இருக்கிறோம். யாரிடமாவது வாய்விட்டும் சொல்லுங்கள். கெட்ட ஆவி கள்ளக் காதலன் மாதிரி, விஷயம் வெளியே வராதவரை அதற்குப் பலம் என்பது அவர் சொன்னதுதான்.

பழைய_ஏடு:
வாசிக்க வேண்டுமானால் கடைசிக் காலத்தில் தன் சபைத் தோழர் கொன்சால்வெஸ் ட காமராவிடம் சொல்லி எழுத வைத்த தன்வரலாற்றில் தொடங்குங்கள், சின்னதுதான். ஆன்மீகப் பயிற்சிகளைக் கையில் எடுத்து உட்கார்ந்தால் இரண்டு பக்கத்தில் தூக்கம் வரும், அது தியானம் கொடுப்பவருக்கான கையேடு. நான்கு வாரம் ஒதுங்கிப் போக முடியாத வேலைக்காரர்கள் தினம் ஒன்றரை மணி நேரம் வைத்து வீட்டிலிருந்தே செய்யலாம் என்று அந்த நூலின் 19-வது குறிப்பில் இருக்கிறது. அந்தச் சாமியாரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள், பாவசங்கீர்த்தன வரிசையில் இல்லாமல்.